பந்தலுக்குக் கீழே ஒரு மதியத் தூக்கம்

நான் ஒரு முறை செத்துப்போயிருக்கிறேன். அதிக நேரம் இல்லை, ஒரு குட்டித் தூக்க நேரம்தான். ஆனால் அதற்குள் எனக்கு மாலை போட்டு, பெட்டிக்குச் சொல்லி, நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஆளாளுக்குப் பேசியும் முடித்துவிட்டார்கள். அதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வல்லத்திராக்கோட்டைக்கு வந்து, அப்பா விட்டுப்போன இடத்தில் பஸ் போகும் ரோட்டோரமாக வீடு கட்டினோம். கிராமத்தில் எப்படியெல்லாம் வாழப்போகிறேன் என்று பழைய ஆபீஸ் நண்பர்களிடம் அளந்து விட்டிருந்தேன். பம்புசெட்டுக் குளியலில் சளி பிடித்தது. கொல்லையில் வசந்தா (என் மனைவி) போட்ட கீரையைக் களை என்று நினைத்து நானே பிடுங்கி எறிந்தேன். கடைசியில் எனக்குச் சரிப்பட்டு வந்தது மதியத் தூக்கம் ஒன்றுதான். அதில் மட்டும் அந்த வட்டாரத்தில் யாரும் என்னை அடித்துக்கொள்ள முடியாது.

வீடு முடிந்தது. பால் காய்ச்ச நாள் குறித்தோம். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். கேதத்துக்கு மட்டும்தான் அழைப்பு தேவையில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்தால் பேசாதவர்கள்கூட வந்து நிற்பார்கள். இதெல்லாம் தெரிந்தே நான் என் மச்சானுக்கு, அதாவது வசந்தாவின் அண்ணன் கருப்பையாவுக்கு, பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். (போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு நீலக் குறியையும் பார்த்துக்கொண்டேன். என்ன பொறுப்பு!) அவர் இருப்பது நார்த்தாமலைப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போகச் சோம்பல்.

மச்சான் பதிலுக்கு ஒரு கும்பிடு படம் போட்டார். "பாரு, எவ்வளவு மரியாதை!" என்றேன்.

வசந்தா போனை வாங்கிப் பார்த்துவிட்டு அழுதாள். "அண்ணன் வராது. பொறந்த வீட்டுச் சீர் இல்லாம நான் எப்படிங்க அடுப்பப் பத்த வைப்பேன்? இருக்கறதே ஒரே அண்ணன்."

காலம் மாறிவிட்டது என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு ரசம் மட்டும் ஊற்றினாள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் பந்தல்காரர் வந்து வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் சேர்களை இறக்கிவிட்டுப் போனார். வாழைமரம் சாயங்காலம்தான் வரும். பூ வாங்க வசந்தா புதுக்கோட்டைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். பால் காய்ச்சாத வீட்டுக்குள் படுக்கக் கூடாது. நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகை வெந்துகொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழேயோ காற்று அப்படி வந்தது. ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுத்தேன். ஈ மொய்த்தது. இடுப்பு வேட்டியை அவிழ்த்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டேன். உள்ளே பட்டாபட்டி டிரவுசர் இருக்கும்போது என்ன பயம்? போன் கொட்டகைக்குள் சார்ஜில் கிடந்தது.

நான் கவனிக்காதது ஒன்று உண்டு. நாளைய பூஜைக்காக வசந்தா புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கையும், மரக்கால் நிறைய நெல்லையும் பந்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் பெஞ்சை இழுத்துப் போட்டதில் அவை சரியாக என் தலைமாட்டில் அமைந்துவிட்டன.

இப்போது ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸிலிருந்து பாருங்கள். வாசலில் சாமியானா. கீழே சேர்கள். நடுவில் பெஞ்சு. அதில் வெள்ளை போர்த்தி ஓர் உருவம். தலைமாட்டில் விளக்கு, நெல். பஸ்ஸில் மச்சான் ஊர்க்காரர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் போன் இருந்தது.

மச்சான் எனக்கு அடித்திருக்கிறார், எடுக்கவில்லை. தங்கைக்கு அடித்திருக்கிறார், கடைவீதி இரைச்சலில் அவளுக்கும் கேட்கவில்லை. அவர் வேறு என்ன நினைப்பார்? ஒரு வேன் பிடித்து, பங்காளிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அந்த அழுகைச் சத்தத்தில் அக்கம்பக்கத்தாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

நான் விழித்தபோது என் நெஞ்சின் மேல் ஏதோ ஈரமாகக் கனத்தது. ரோஜா மாலை. கனவில் ஏதோ பாராட்டு விழா என்று நினைத்து ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

"நாளைக்குப் பால் காய்ச்ச இருந்தாரு. கொடுத்து வைக்கலியே" என்றது பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் குரல்.

"ஏசியில கெடந்த ஒடம்பு. இந்த வெயிலத் தாங்குமா?" என்றது ஓர் ஆண் குரல்.

"நல்ல மனுசன். ஒரு வேலை தெரியாது. கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா நல்ல மனுசன்."

செத்தவன் நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. உடனே எழுந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படி எழுந்திருப்பது? என் வேட்டி என் மேல் போர்வையாக இருக்கிறது. சுற்றிலும் பெண்கள். உள்ளே நீலமும் பச்சையுமாகக் கோடு போட்ட பட்டாபட்டி. மாலையிலிருந்து ஓர் எறும்பு வேறு இறங்கி என் மூக்கின் மேல் உலாத்தியது.

அப்போது என் காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஓவென்று அழுதார். மச்சான்!

"நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்புடலன்னு கோவிச்சுக்கிட்டு கெடந்தேனே மாப்ள! இப்பக் கூப்புடாமலே வந்து நிக்கிறேனே! மொகத்தைத் தெறந்து பாக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜமாகவே அழுகை வந்தது. இப்படி ஒரு மனிதருக்கா இரண்டு பஸ் மாறச் சோம்பல்பட்டேன்? ஆனால் செத்தவன் மூக்கை உறிஞ்சக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்து நின்றது. வசந்தா இறங்கினாள். அவள் கண்ணில் பட்டது வேன், சொந்தக்காரர்கள், அண்ணன். வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

"அண்ணே! வந்துட்டியா!" என்று முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். "எனக்குத் தெரியும், நீ வராம இருக்க மாட்டேன்னு! அது என்ன பையில, எனக்குச் சேலையா?"

சேலைதான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலை. மச்சான் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"பாவி மகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!" என்று செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வசந்தா நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, எந்திரிங்க! அண்ணன் வந்துருக்கு, என்னங்க இன்னும் தூக்கம்?"

"அவரு எப்படித் தாயி எந்திரிப்பாரு?" என்று யாரோ விம்மினார்கள்.

எழுந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. எல்லோரும் ஓடியதால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சேர்கள் சரிந்தன. ஒருவர் ரோட்டைத் தாண்டி வரப்பில் போய் நின்றார். பட்டாபட்டியும் ரோஜா மாலையுமாக நான் பெஞ்சில் உட்கார்ந்து, "வாங்க, எல்லாரும் வாங்க" என்று கும்பிட்டேன். (வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் இருக்க முடியுமா?)

ஒருவராவது சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? "சோத்துல கை வச்சவன் அப்படியே எந்திரிச்சு வந்தேன்" என்று ஒரு பங்காளி சலித்துக்கொண்டார். அந்தக் குழப்பத்தில் பந்தல்காரர் குட்டி யானை வண்டியில் ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார். மச்சான் வழியிலிருந்தே சொல்லியிருக்கிறார். "பந்தல் போட்டதுதான் கெடக்கே, பெட்டிய மட்டும் எறக்கிடவா?" என்றவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "கொண்டாந்தது கொண்டாந்தாச்சு. நாளைக்கு மோர் வைக்கலாம்ல?" என்றார். வசந்தா முறைத்த முறைப்பில் வண்டி பின்னாலேயே போனது.

மச்சான் கண்ணைத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் வாரேன்" என்றார்.

"எங்கண்ணே கெளம்புற? நாளைக்கு விசேஷம்!"

"நான் கேதத்துக்கு வந்தேன் தாயி. கேதம் இல்லைன்னு ஆயிருச்சு. கூப்புடாத விசேஷத்துல எனக்கு என்ன சோலி?" என்று வேனை நோக்கி நடந்தார். என்னை நினைத்து அவ்வளவு அழுத மனிதர், நான் உயிரோடு இருந்ததும் பழைய கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்.

வசந்தாவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைக்குள் ஓடினேன். தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, பத்திரிகை வைத்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனின் முன்னால் போய் நின்றேன்.

"மச்சான், நாளைக்குக் காலையில பால் காய்ச்சுறோம். குடும்பத்தோட வந்து நீங்கதான் நடத்திக் கொடுக்கணும்."

அவர் தட்டைப் பார்த்தார். என் கழுத்து மாலையைப் பார்த்தார். அதற்குக் கீழேயும் பார்த்தார்.

"வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து கூப்புடுங்க மாப்ள" என்றார்.

கட்டிக்கொண்டு வந்து மறுபடியும் கூப்பிட்டேன். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் விடியும் முன்பே சீர்த்தட்டுகளோடு வந்தார். வசந்தாவுக்குப் பட்டுச் சேலை. எனக்கு இரண்டு வேட்டி. "ஒண்ணு கட்டிக்கிறதுக்கு, ஒண்ணு போத்திக்கிறதுக்கு" என்றார். பால் பொங்கியபோது வசந்தா அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னொரு முறைகூடச் சாகலாம்.

வாசலில் கிரானைட்டில் வீட்டுப் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. ஊருக்கு இது "எந்திரிச்சவரு வீடு". கண்டக்டர் அப்படித்தான் சத்தம் கொடுத்து ஆள் இறக்குகிறார்.

நான் இன்னமும் மதியத்தில் வாசலில்தான் தூங்குகிறேன். பஸ் எங்கள் வீட்டருகே மெதுவாகி ஹாரன் அடிக்கும். நான் ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் பஸ் போய்விடும். என்றைக்காவது அசந்து தூங்கிவிட்டால் தலைமாட்டில் போன் அடிக்கும். எடுத்தால் மச்சான்.

"மாப்ள, கையத் தூக்குங்க. பஸ்ஸு நிக்குதாம்."