கமிட்டி காருக்கு நான் ஊற்றிய எண்ணெய்

அரசாங்க அதிகாரியின் காரை மட்டும் தொடவே கூடாது. இருபத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரிந்திருந்தால், என் அண்ணனின் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். அண்ணன் அந்தோணி சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் லோரி மெக்கானிக்காக இருந்தவர். பழைய இஞ்சின் எண்ணெயை எல்லாரும் கால்வாயில் கொட்டுவதைப் பார்த்து வயிறெரிந்து, வேலையை விட்டுவிட்டு கமுந்திங்கில் ஒரு கொட்டகை போட்டார். ஒர்க்‌ஷாப்புகளில் அந்தக் கறுப்பு எண்ணெயை வாங்கி வந்து, காய்ச்சி, அமிலம் விட்டு, களிமண் கலந்து வடித்தால் தேன் நிறத்தில் இறங்கும். மறுபடி இஞ்சினுக்கு ஊற்றலாம். நான் அங்கே கிளார்க். (மேனேஜர், காப்பி கலக்குகிறவள் எல்லாமும் நான்தான்.) லோரிகளுக்கு நடுவே வளர்ந்ததால், எனக்குத் தெரியாத இஞ்சினே இல்லை என்ற நினைப்பு வேறு.

கழிவு எண்ணெயை என்ன செய்யலாம் என்று யோசனை சொல்ல அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டிருந்தது. அதிலிருந்து மூன்று பேர் எங்கள் கொட்டகையைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தார்கள். அவர்கள் நல்லபடியாக எழுதினால் அரசாங்க லோரிகளின் எண்ணெயெல்லாம் எங்களிடம் வரும். அண்ணனுக்கு அன்று காலை சோறே இறங்கவில்லை.

மூவரில் நாச்சியப்பன் சார் மட்டும் தமிழர். செட்டிநாட்டுக் குடும்பம், மடிப்பு கலையாத சட்டை. அவருடைய சொந்தக் காரில்தான் மூவரும் வந்திருந்தார்கள். கண்ணாடிப் போத்தலில் இருந்த எங்கள் எண்ணெயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. இஞ்சின் தாங்குமா?”

“என் லோரி இதுலதான் ஓடுது சார்” என்றார் அண்ணன்.

“உங்க லோரி. நீங்க அப்படித்தானே சொல்வீங்க!”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப உங்க கார்லயே ஊத்திப் பாருங்களேன் சார்!”

அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன். நாச்சியப்பன் சார் சிரித்தார். “சரி, ஊத்துங்க. ஈப்போ போய்ச் சேர்றேனான்னு பாப்போம்.”

“நம்ம கொட்டகைப் பையன்கிட்ட விடு, ஸ்டெல்லா” என்றார் அண்ணன் மெதுவாக.

“எனக்குத் தெரியும்ணே, நீங்க போங்கலா!”

பாவாடையைச் செருகிக்கொண்டு காருக்கடியில் நுழைந்தேன். அடி நட்டைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்தேன். நட்டைக் கையால் திருகி மாட்டிவிட்டு, ஸ்பேனரை வைத்து இறுக்கப் போன நேரத்தில் வெளியே யாரோ குரல் கொடுத்தார்கள்: “படம் எடுக்கிறாங்க, சீக்கிரம் வா!”

ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன். முகம் கழுவினேன். பவுடர் போட்டேன். (எண்ணெய்க் கொட்டகையில் எதற்குப் பவுடர் என்று கேட்காதீர்கள். கமிட்டியோடு படம்!) திரும்பி வந்து புது எண்ணெயை ஊற்றி, இஞ்சின் மூடியை இறக்கி, கையைத் தட்டிக்கொண்டேன். நாச்சியப்பன் சார் இஞ்சினைக் கிளப்பியபோது, “சத்தத்தைக் கேளுங்க சார், பூனைக்குட்டி மாதிரி!” என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஈப்போ போகிற வழியில், புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டதாம்.

அண்ணனும் நானும் லோரியில் கிளம்பினோம். கேட்டைத் தாண்டியதுமே ரோட்டில் சொட்டுச் சொட்டாக மினுங்கியது. போகப் போக அது ஒரு கோடாகவே மாறியது. அண்ணன் பார்த்தார். எண்ணெயை மண்ணில் சிந்தக் கூடாது என்று வந்த கமிட்டிக்கு, அவர்கள் காரை வைத்தே வழி நெடுக எண்ணெய் தெளித்திருந்தேன்.

ரப்பர் மர நிழலில் மூவரும் கோப்புகளால் விசிறிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். நட்டைக் காணோம். எண்ணெய் வற்றி இஞ்சின் இறுகிப்போயிருந்தது.

“எண்ணெய் மேல குத்தமில்ல சார். நட்டு கழண்டு விழுந்திருச்சு.”

“நான்தான் சார் இறுக்க மறந்துட்டேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

நாச்சியப்பன் சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். “எனக்குப் புரியுதும்மா. ஆனா மத்தவங்க காதுல, பழைய எண்ணெய் ஊத்தின கார் ஈப்போ வந்து சேரலைன்னுதானே விழும்? நட்டு கதையை யாரு உக்காந்து கேப்பா?”

அப்படியே ஆனது. மேலும் ஆராய வேண்டும் என்று கமிட்டி எழுதியது. ஆராய யாரும் வரவில்லை. அண்ணன் அந்தக் காரைத் தன் கையாலேயே சரிசெய்து கொடுத்தார். கொட்டகையைச் சில வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு மூடினார். பிறகு ஈப்போவில் வேறொருவர் ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு எப்போதோ ஆறியிருக்கும்.

வீட்டில் மற்றவர்கள் விடுவார்களா? நான் கேஸ் சிலிண்டரை மாட்டினால் அண்ணி மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். போன கிறிஸ்துமஸுக்கு நான் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொண்டுபோனேன். போத்தலைக் கையில் வாங்கிய அண்ணன் மகன் கத்தினான்: “அத்தை மூடினதா? யாரும் சாய்ச்சுப்புடாதீங்க!”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. போத்தலை வாங்கி, ஏற்கெனவே இறுகியிருந்த மூடியை இன்னொரு திருகு திருகி, சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.