மவுஸ் துறந்தவர்

உள்ளே போனவருக்கு வெளியே வர வழி தெரியவில்லை.

கறுப்புத் திரை. அதன் ஓரத்தில் கண்சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம். மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறிகூடக் கிடையாது. கையேட்டுக்காரர் கீபோர்டின் எல்லாச் சாவிகளையும் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் ஏதாவது காணாமல் போனதே தவிர, எடிட்டர் என்கிற அந்த எழுதும் மென்பொருள் அவரை விடுவதாக இல்லை. கடைசியில் மேஜைக்கு அடியில் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார். வெளியே வந்தாயிற்று.

வீட்டுச் சாதனங்களோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுவதுதான் அவர் வேலை. "முதலில் கையேட்டை முழுவதும் படிக்கவும்" என்ற வரியை அவர் அளவுக்கு எழுதியவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் இந்தப் புது எடிட்டரோடு வந்த கையேட்டை அவர் திறந்தும் பார்க்கவில்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டது அடுத்த மேஜைத் தாடி. தாடிக்கும் இதே வேலைதான், ஆனால் அவர் மேஜையில் மவுஸ் என்பதே கிடையாது. கறுப்புத் திரைக்கு முன்னால் பத்து விரலும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்க மாட்டார். அது வேலை இல்லை, தவம் என்று கையேட்டுக்காரர் முடிவு கட்டியிருந்தார்.

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. இன்று ஆபீஸ் மூடுவதற்குள் யார் நல்ல கையேட்டை முதலில் முடித்துத் தருகிறாரோ அவருக்கே நாற்காலி என்று மேலாளர் சொல்லிவிட்டார். தாடிக்கு மைக்ரோவேவ் அடுப்பு, இவருக்கு வாஷிங் மெஷின். இவருடையது முக்கால்வாசி முடிந்தே இருந்தது. மிச்சத்தையும் தாடியின் ஆயுதத்தாலேயே முடித்தால் மேலாளர் அசந்துபோவார் என்பது கணக்கு.

இதில் மச்சான் வேறு. மனைவி விஷயத்தைத் தன் அண்ணன் காதில் போட்டாயிற்று. ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், பார்க்கும்போதெல்லாம் "மாப்பிள்ளை, இன்னும் அதே சீட்டுதானா?" என்று கேட்பார். ஒரே ஒரு தடவை அவர் வாயை அடைத்துவிட வேண்டும். கையேட்டுக்காரருக்கு அது வெறும் ஆசையில்லை, பல வருட வலி.

மெல்ல நாற்காலியைத் தாடி பக்கம் நகர்த்தினார்.

"இதுல என்னென்ன செட்டிங் வெக்கணும்?"

தாடி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வேணுங்கறத ஒண்ணொண்ணா நானே வெச்சுக்கிட்டேன் சார். ஆரம்பத்துல அழுகையா வரும்."

"அப்புறம்?"

"அப்புறமும் வரும். பழகிடும்."

"மவுஸ் மேல கை போகாதா?"

"இருந்தாத்தானே சார் போகும்."

கையேட்டுக்காரருக்குப் புல்லரித்தது.

ஒண்ணொண்ணாக வைக்க நேரம் ஏது? யாரோ ஒரு புண்ணியவான் தன் செட்டிங் மொத்தத்தையும் இணையத்தில் போட்டிருந்தார். அதை அப்படியே அள்ளி ஒட்டினார். இப்போது அம்புச் சாவியைத் தொட்டால், "தொடாதே, பழகு" என்று ஆங்கிலத்தில் அதட்டல் வந்தது. எழுதுவது, அழிப்பது எல்லாம் அந்தந்த நொடியே தானாகச் சேமிக்கப்பட்டது. பரவாயில்லை, வசதிதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் கை பழக்கதோஷத்தில் மவுஸைத் தேடித் தேடிப் போனது. இருந்தாத்தானே போகும்? அதைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஆபீஸ் சாமான்கள் வைக்கும் ஸ்டோருக்கு எடுத்துப் போனார்.

"ரிப்பேரா சார்?" என்றார் ஸ்டோர்காரர்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு இனிமே வேண்டாம்."

ஸ்டோர்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எங்கிட்ட கேக்க வர்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். குடுக்க வந்த முதல் ஆளு நீங்க. நல்லா யோசிச்சுட்டீங்களா? போனா திரும்பி வராது."

"விட்டது விட்டதுதான்."

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அடுத்த வில்லங்கம். கையேடு தமிழில், எடிட்டரின் கட்டளைகளோ ஆங்கில எழுத்தில். எழுதத் தமிழ், கட்டளையிட ஆங்கிலம் என்று மாறி மாறிக் கை ஓய்ந்துபோனது. அவரே ஒரு செட்டிங் எழுதினார். தமிழில் 'த' அழுத்தினால் ஒரு வரி அழியட்டும். 'தள்ளு' என்பதற்கு 'த'. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

இந்த எடிட்டரில் கட்டளையிடும் நேரம் வேறு, எழுதும் நேரம் வேறு. உத்தரவு எந்த நேரத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. எடிட்டர் இரண்டுக்கும் எடுத்துக்கொண்டது.

"தண்ணீர்" என்று எழுதப் போனார். ஒரு வரி போய், "ண்ணீர்" மட்டும் நின்றது. திரும்ப எழுதினார். இன்னொரு வரி போனது. "துணி" என்றார். "கதவு" என்றார். வாஷிங் மெஷின் கையேட்டில் வேறு என்னதான் எழுதுவது? தன் உத்தரவை நீக்கிவிடலாம் என்று செட்டிங்கைத் திறந்தால், அந்த வரியைத் தேடவே 'த' அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தியதும் அங்கேயும் ஒரு வரி போய்ச் சேமிப்பும் ஆனது. மறுபடி ப்ளக்கைப் பிடுங்கினார். திரும்பத் திறந்தபோது, போன வரிகள் போனபடியே இருந்தன.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அண்ணன் சாயங்காலம் வருதாம், உங்களை வாழ்த்த. வேலை எந்த மட்டுல இருக்கு?"

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றார். பொய்யில்லை. கையேட்டில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

கடைசியில் அவருக்கு ஒரே வழி தோன்றியது. 'த' இல்லாமல் எழுதுவது. வியர்த்து வழிய எழுதி முடித்து மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் வாய்விட்டுப் படித்தார்.

"ஆடைகளை உள்ளே போடவும். மூடவும். நீர் வரும். சுற்றும். நின்றால் எடுக்கவும்." பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "மிச்சம்?"

"அவ்வளவுதான் சார். சுருக்கமா இருக்கட்டும்னு..."

"உத்தரவாதம் எங்கேங்க?"

"அதுல மூணு 'த' வருது சார்."

மேலாளர் தாளை மடித்துக் கீழே வைத்தார். குரல் இளகியது. "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க. நாற்காலி விஷயம் முடிஞ்சிடுச்சு. எப்பவும் கடைசியா முடிக்கிற தாடி, இன்னைக்கு என்ன மாயமோ, மத்தியானமே முடிச்சுக் குடுத்துட்டார்."

கையேட்டுக்காரர் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. மச்சான். எடுக்கவில்லை. எதிரே வந்த ஸ்டோர்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம் சார், மவுஸ் உடைஞ்சுபோய் வேற இல்லாம வருஷக்கணக்கா எங்கிட்டக் கெஞ்சிக்கிட்டிருந்த தாடி, காலையில நீங்க குடுத்ததை, ஸ்டோருக்கே கூப்பிட்டுக் கையில வெச்சதும் அழுதே போயிட்டாரு."