பழப்புளி போட்டு மினுக்கிய துவக்குகள்

பொய் சொல்லாமலேயே ஒருவன் பொய்யனாகலாம். கேட்டவர் தானாக ஒரு முடிவுக்கு வரும்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். தொண்ணூறுகளின் நடுவில், கடல் கடந்த துறைமுக நகரான பலேர்மோவில், நான் அப்படித்தான் துவக்கு (துப்பாக்கிதான்) நிபுணன் ஆனேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன், அங்கே ஒரு விதவை அம்மையாரின், அந்த ஊர் வழக்கில் சின்யோராவின், வீட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். (பிழை திருத்துவதற்கும் நிலம் துடைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சரியாகச் செய்தால் இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை.) என் மனைவி வதனி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். அவளை அழைக்க, எனக்கு வேலையும் இருக்க இடமும் உண்டு என்று அரசாங்கத்துக்கு எழுத்தில் காட்டவேண்டும். இரண்டையும் தந்திருந்தவர் சின்யோரா. கையெழுத்துப் போடவும் சம்மதித்திருந்தார்.

ஆனால் வீட்டுக் கூரை ஒழுகியது. கணவர் விட்டுப்போன இரண்டு துவக்குகள் நல்ல விலைக்குப் போனால் கூரையைத் திருத்திக்கொண்டு அங்கேயே இருப்பார். போகாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பக்கத்து ஊரான பகேரியாவில் தங்கையோடு போய்த் தங்குவார். தங்கை வீட்டில் ஏற்கெனவே ஒரு வேலைக்காரி இருந்தாள்.

அவை சுடுவதற்காக வாங்கப்பட்டவை அல்ல. ஏதோ ஒரு குதிரைப்படையின் நூற்றாண்டு நினைவாகச் சில நூறு மட்டும் செய்து, இலக்கமிட்டு, சான்றிதழோடு விற்றவை. ஒன்று சுழல் துப்பாக்கி. வெல்வெட் விரித்த மரப்பெட்டியில் கிடந்தது. மற்றது நீளத் துவக்கு; நடுப்பகுதிக்குத் தங்க முலாம், குழலில் நீலம் கலந்த கருமை.

“நீ போர் நடக்கும் இடத்திலிருந்து வந்தவன். உனக்கு இதெல்லாம் தெரியும்,” என்றார் சின்யோரா. “வியாழக்கிழமை நாப்போலியிலிருந்து மதிப்பிடுகிறவர் கப்பலில் வருகிறார். அவர் என்னை ஏமாற்றக்கூடாது. நீ முதலில் பார்த்து வை.”

துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அது பார்க்கும் திசையில் நிற்கக்கூடாது. அதைச் சொல்லியிருக்கலாம். நானோ ஒரு கண்ணை மூடி, குழலின் நீளத்தை அளப்பவன் போலப் பார்த்தேன்.

அன்று மாலை, மேல்மாடி வீட்டில் வேலை செய்த மன்னார் அந்தோனி அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“உனக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் தம்பி?”

“பேப்பரிலை எத்தினை தரம் எழுதியிருக்கிறன் அண்ணை.”

“நீ செத்த ஆக்களின்ரை பேரையெல்லோ எழுதினனீ?”

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

“பெட்டியை மூடி வை. உன்ரை கையையும் வாயையும் சேர்த்து மூடு. விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

புதன்கிழமை சின்யோரா தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தார். பெட்டியைத் திறந்தேன். முதலில் பயம் வந்தது: உள்ளே குண்டு இருந்தால்? விசையை ஒரு மெல்லிய நைலோன் நூலால் கட்டியிருந்தார்கள். அதை வெட்டினேன். உருளையைச் சுற்றிச் சுற்றி ஆறு துளையையும் பார்த்தேன். திருப்தி வராமல் இன்னொரு சுற்றும் பார்த்தேன். குண்டு இல்லை. பிறகு, சான்றிதழ் இருந்த உறையின் அரக்கு முத்திரையை உடைத்து, இலக்கம் சரிதானா என்று ஒப்பிட்டேன். (மூலப்பிரதியைப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பாத பழக்கம்.) இலக்கம் சரியாகவே இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தக் கருமை என் கண்ணை உறுத்தியது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீடுகளில் முதல்நாளே குத்துவிளக்கிலிருந்து மூக்குப்பேணிக் குவளை வரை வெளியே எடுத்துப் பழப்புளி போட்டு மினுக்கிவிடுவோம். மங்கிய உலோகம் குடும்பத்துக்கே அவமானம். நாப்போலியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். இவையோ கறுத்துப்போய்க் கிடக்கின்றன.

என்னிடம் இருந்த பழப்புளி முழுவதையும் கரைத்தேன். ஒரு கைப்பிடி உப்பும் போட்டேன். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்தது. எத்தனை வருட அழுக்கோ என்று உற்சாகமானேன். கருமை போய் இரும்பு பளபளத்தது. தங்கம் வெளிறி, சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. உள்ளே வெள்ளி இருக்கிறது என்று முடிவு செய்து இன்னும் தேய்த்தேன்.

வியாழன் காலை, குழல் எங்கும் செம்மஞ்சள் புள்ளிகள் பூத்திருந்தன.

மதிப்பிடுகிறவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட சின்ன மனிதர். பெட்டியைத் திறந்தார். அருங்காட்சியகத்தில் நிற்பவர் போல நின்றார். பிறகு கையுறைகளை மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“இதை யார் தொட்டது?”

“இவன்தான்,” என்றார் சின்யோரா பெருமையாக. “போரிலிருந்து வந்தவன். எல்லாம் தெரியும்.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “எந்தப் படையில் இருந்தாய்?”

“பத்திரிகையில்,” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார். உருளையைச் சுற்றினால் அதன் மேல் மயிரிழை போல ஒரு கோடு விழும், விழுந்திருந்தது. விசையின் நூல் அறுந்திருக்கக்கூடாது. முத்திரை உடைந்திருக்கக்கூடாது. கருமை அழுக்கல்ல, தொழிற்சாலையில் கொடுத்த பூச்சு. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

“சின்யோரா, இவற்றை ஒருவரும் தொடவில்லை என்பதற்குத்தான் விலை,” என்றார். “இனி இவை வெறும் துப்பாக்கிகள்.”

வெறும் துப்பாக்கிகளுக்கு அந்த நாட்களில் பலேர்மோவில் தட்டுப்பாடு இருக்கவில்லை. குற்றக் கும்பல்களை அடக்க நிறுத்தப்பட்ட இரண்டு இராணுவத்தினர் எங்கள் தெருமுனையிலேயே அவற்றோடு நின்றார்கள்.

சின்யோரா என்னை ஏசவில்லை. மதிப்பிடுகிறவருக்குக் கோப்பி போடச் சொன்னார். அந்த மாத முடிவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பகேரியாவுக்குப் போனார். போகும்போது, அடுத்த வேலைக்கு உதவும் என்று, தன் கைப்பட ஒரு நற்சான்றிதழ் எழுதித் தந்தார். ‘மிகவும் சுத்தமாக வேலை செய்பவன்.’

அந்தக் கடிதத்தால் வேலை கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. வதனி வர இரண்டு வருடம் பிந்தியது. அதற்கிடையில் லொட்ஜில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் அவளைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினொரு நாள் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை வெளியே வரும். நான் சொன்னால் மதிப்பிடுகிறவர் திரும்பி நாப்போலிக் கப்பல் ஏறுவதோடு முடித்துவிடுவேன். வதனி சொன்னால் அந்தப் பதினொரு நாளிலிருந்துதான் தொடங்குவாள். ஒருமுறை, பலேர்மோவில் பிறந்த எங்கள் மகள் இடையில் கேட்டாள்: “அம்மா, அங்கை பொலிஸ் உங்களுக்கு அடிச்சவங்களோ?”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதை விடு பிள்ளை,” என்றாள் வதனி. “உன்ரை அப்பா உப்பும் போட்டவர். அதைக் கேள்.”