துட்டிக்கு அலைந்த அண்ணாச்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் செத்துப் போனவர்கள் எல்லாரும் கொடுத்து வைத்தவர்கள். ஏழை பணக்காரன், நல்லவன் அயோக்கியன் என்று பார்க்காமல் அத்தனை பேருக்காகவும் தேம்பித் தேம்பி அழ ஓர் ஆள் இருந்தார். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி வீடு என்று பேர். ஊரில் எந்தத் துட்டியையும் தவறவிடாததால் அவர் துட்டி அண்ணாச்சி ஆகிவிட்டார். அம்மா அப்பா வைத்த பேரை நான் கேட்டதே இல்லை.

முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. காப்பி கிளப் மாடியில் அவரும் நானும் ஒரே அறை. கீழப்பாவூரில் வயலைப் பார்த்துக்கொண்டு பெண்சாதி பிள்ளைகள் சௌக்கியமாக இருந்தார்கள். ஒரு குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் விடிந்ததும் மனுஷன் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

"அண்ணாச்சி, மத்தக் கையையும் விடுங்க. கோர்ட்டுக்கு நேரமாச்சி."

"விடலாம்லே. விட்டுட்டு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகைத் தட்டினார், "உமக்கு ஒரு கேடும் இல்ல, போம் ஓய்" என்று விரட்டிவிட்டார். இந்தக் காலம் மாதிரி அதற்கென்று மாத்திரையா இருந்தது? மனசு இப்படிக் காரணமில்லாமல் கனத்துக் கிடப்பதற்கு விசாரம் என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணாச்சி தனக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம்தான் துட்டி. "உள்ள அழுகை கெடந்து முட்டுதுலே. காரணம் இல்லாம ஆம்பள அழுதா பைத்தியம்னு சொல்லுதான். துட்டி வீட்டுல அழுதா நல்ல மனுசம்னு சொல்லுதான்" என்பார். அழுதுவிட்டு வந்த அன்றைக்கு நாலு இட்லி இறங்கும். கோர்ட்டுக்கும் போய்விடுவார்.

ஒரு தடவை ஒரு வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆம்பிளைகள் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். விடுவாரா! நேரே போய், இருப்பதிலேயே இறுகிப் போயிருந்த முகத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, "போயிட்டாகளே! நம்மள விட்டுட்டுப் போயிட்டாகளே!" என்று கதறினார். அது நிச்சயதார்த்த வீடு. மரியாதையாகக் கூப்பிடவில்லை என்று பெண்ணின் தாய்மாமன் முறுக்கிக்கொண்டதால் சடங்கே நின்று போயிருந்தது. கட்டிப்பிடிபட்டது அந்தத் தாய்மாமன்தான். அவருக்குப் பெண்ணைப் பெற்ற, செத்துப்போன அக்காள் ஞாபகம் வந்து, "ஆமா அண்ணாச்சி, அவ இருந்தா என்னைய இப்படி விட்டுருப்பாளா!" என்று அவரும் அழுதார். அழுது முடித்ததும் எழுந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியைத் தாம்பூலம் கொடுத்து அனுப்பினார்கள்.

விஷயம் கீழப்பாவூருக்கு எட்டியது. அவருடைய அண்ணன் ஒரு படி நல்லெண்ணெயோடு வந்து இறங்கினார். புத்தி கலங்கியவர்களைக் குற்றால அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எண்ணெயைத் தலையில் கொட்டி, பேரருவியில் ஆள் வைத்துப் பிடித்து நிறுத்தினோம். உதடு நீலம் பாரித்த பிறகுதான் வெளியே விட்டோம்.

"எப்படிலே இருக்கு?" என்றார் அண்ணன்.

"குளுருது."

"அந்த விசாரம் போயிட்டா?"

"எங்க போக? அதுவும் எங்கூடக் குளிச்சிக்கிட்டுல்லா நிக்கி."

அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. ஊரில் ஒருத்தர் சாகவில்லை. எமனுக்கும் கோடை விடுமுறை நீண்டுவிட்டதோ என்னவோ! அண்ணாச்சி சாப்பாட்டை நிறுத்தினார். பேச்சை நிறுத்தினார். ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே, "இருந்து என்ன செய்யலே?" என்றார். இந்த ஆள் நம் கையை விட்டுப் போய்விடுவார் என்று தெரிந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு ஊரெல்லாம் துட்டி விசாரித்தேன். ஆய்க்குடியில் ஒரு பெரியவர் இப்பவோ அப்பவோ என்று கிடக்கிறார் என்றார்கள். அண்ணாச்சியைக் குதிரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். நாங்கள் உள்ளே நுழைகிறோம், பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்!

"யாரு நீங்க?" என்றார்.

"துட்டிக்கு வந்தோம்" என்றார் அண்ணாச்சி, பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அடி விழாமல் வண்டி ஏறியது எங்கள் அதிர்ஷ்டம். பாதி வழியில் சாரலில் நனைந்துகொண்டே அண்ணாச்சி கேட்டார், "இனி எங்கலே போக?"

கோபமா, பயமா, என்னவென்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன். சேற்று ரோட்டில் மல்லாந்து படுத்தேன்.

"எங்கயும் போகாண்டாம்! நான் செத்துட்டேன். எனக்கு அழுங்க!"

"அட, எந்திரிங்க! குதிரை மிரளுது" என்று வண்டிக்கார பாய் கத்தினார். நான் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு என் தலைமாட்டில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தார்கள். "ஏலே, நீயுமா… நீயும் போயிட்டா யாருலே எனக்கு!" என்று ஒரு குரல் உடைந்தது. அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மூடிய கண்ணுக்குள் எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

விசாரம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. கடைசிவரை அவர் கூடவே இருந்தது. ஆனால் தாங்க முடியாத காலைகளில், "ஏலே, இன்னைக்குக் கொஞ்சம் சாகுதியா?" என்று கூச்சத்தோடு கேட்பார். நான் பாயை விரித்து, கையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். அவர் அழுது முடித்து முகம் கழுவிக் கோர்ட்டுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன். அந்த மனுஷனுக்காக எத்தனை தடவை செத்தும் எனக்கு அலுக்கவில்லை.