பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மனைவி

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நான் பாதிதான் நலம். மீதிப் பாதி நான்கு நாளாக உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பி வைக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சுகாதாரத் துறையில் எனக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டீர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டீர்கள். கொரோனா கிருமி ஓயாமல் உருமாறிக்கொண்டே இருக்கிறது அல்லவா, நோயாளிகளிடம் எடுத்த மாதிரியிலும் சாக்கடை நீரிலும் அதன் மரபணுவைப் படித்து எங்களுக்கு அனுப்புவார்கள். புதிய வகை ஒன்று தலைகாட்டினால் முதலில் அது 'கண்காணிப்பில் உள்ளது'. கொஞ்சம் கைவரிசை காட்டினால் 'கவனத்துக்குரியது'. நோயைக் கடுமையாக்குகிறது, தடுப்பூசிக்கு டிமிக்கி கொடுக்கிறது என்று ஏதாவது உறுதியானால் 'கவலைக்குரியது'. எங்கும் பரவியும் புதிய ஆபத்து ஏதும் இல்லை என்றால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவோம். குழு கூடி முடிவு செய்யும். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதுகிறவன் நான். திரையில் அந்த வகைகள் கிளை விட்டுக் கிளை விட்டுப் படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வெறும் எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக ஒன்று தோன்றும், யாரையும் தொந்தரவு செய்யாமல் மூன்று வாரத்தில் மறைந்துபோகும், அதற்காக நான் ஒரு மதியம் முழுவதும் வருந்தியிருக்கிறேன். ஜன்னல் வெயில் மேசையில் ஏறி இறங்கிப் போய்விடும். மேலாளர் வந்து விளக்கைப் போட்டு, "சார், உங்களுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா?" என்பார்.

இருக்கிறது. அங்கேயும் ஃபிரிட்ஜ் கதவில் இதே மூன்று பட்டியல் ஒட்டியிருக்கிறேன். ஒழுகுகிற குழாய் கண்காணிப்பில் உள்ளது. மாடிவீட்டுக்காரரின் புல்லாங்குழல் கவனத்துக்குரியது, வாரத்துக்கு வாரம் கடுமையாகிறது. உங்கள் அக்கா ஐந்து வருடமாகக் கவலைக்குரிய பட்டியலில் முதலிடம். அவள் இருமினால் தேதி போட்டுக் குறித்தேன், முழங்கால் வலிக்குத் தனிக் கோடு வரைந்தேன். எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கதவுக்கு முன்னால் நின்று அவளைப் பற்றியே வெகுநேரம் யோசித்தேன். பிறகு அலுவலக முறைப்படி அவள் பெயரை அடித்துவிட்டு எழுதினேன்: "எங்கும் பரவிவிட்டது. புதிய ஆபத்து ஏதும் இல்லை. இனித் தனிக் கண்காணிப்பு தேவையில்லை."

எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு குறிப்பு வந்தால் கைதட்டுவார்கள், பிஸ்கட் வாங்கித் தருவார்கள். அவளும் சந்தோஷப்படுவாள் என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"முப்பத்தோரு வருஷம் கழிச்சு என்னைப் பார்க்கவே தேவையில்லைன்னு எழுதிட்டீங்க, அப்படித்தானே?"

"அது நல்ல செய்திம்மா. வேற யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது."

"ஒழுகுற குழாயாவது பட்டியல்ல இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். அவள் படியிறங்கிப் போன பிறகும் நான் பேனாவோடு அங்கேயே நின்றிருந்தேன்.

மைத்துனரே, நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் இல்லாத வீட்டில் எனக்கு எதுவும் ஓடவில்லை. இனி ஒரு நிமிஷம்கூட அவளைக் கண்காணிக்காமல் இருக்க மாட்டேன், அவள் மூச்சு விட்டாலும் எனக்குத் தெரியும். இதை அவளிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள், உங்கள் மனைவிக்கு என் விசாரிப்புகள். எல்லோரும் எந்தப் பட்டியலிலும் சேராமல் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது அக்கா. நேற்று சாயங்காலம் உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேனே, ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். காலையில் சட்டை எடுத்துக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். பிறகு நான் இல்லையே என்று கண்கலங்கி இதை எழுதினார். இப்போது கடிதத்தின் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டார். மெதுவாக உருவி எடுத்தேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்ததும் "எப்ப வந்தே?" என்று கேட்டால் இருந்துவிடுவேன். "என் கண்ணாடி எங்கே?" என்று கேட்டால், பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை.