பெரிய டீச்சர் நம்பவில்லை

"அம்மா, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வச்சிருக்கார்."

சின்ன டீச்சர் பின் சீட்டிலிருந்து இதைச் சொன்ன மாத்திரத்தில், முன் சீட்டில் இருந்த பெரிய டீச்சர் தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நடுச்சாலையில் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கி மேனேஜர், தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"கையை எடுக்காதீங்க சார், உங்க மேல தப்பில்ல" என்ற பெரிய டீச்சர், பின்னால் திரும்பினார். "யாருடி உன்னை மிரட்டினது?"

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி, சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அம்மா பெரிய டீச்சர், மகள் சின்ன டீச்சர். காலையில் வண்டியில் ஏறினால் அம்மா இறங்குவது பொழுது சாய்ந்த பிறகுதான். வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். ஆகவே அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் பின் சீட்டில் உட்கார்ந்துதான் சொல்லியாக வேண்டும், அதுவும் யாராவது ஒரு மாணவரை வைத்துக்கொண்டு. அப்பா அந்த ஸ்கூலின் மெக்கானிக். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பதே அவர் உத்தியோகம். வாயைத் திறந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்பார், இல்லாவிட்டால் அதையும் சொல்லமாட்டார்.

"யாரும் மிரட்டலம்மா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

"உனக்குப் பொண்ணுங்களைத்தானே பிடிக்கும்?"

"அவங்களையும் பிடிக்கும். ரெண்டும்னு நான் அன்னிக்கே சொன்னேன். நீ பாதியைத்தான் காதுல வாங்கின."

அன்றைக்கு என்பது நாலு வருஷத்துக்கு முன்னால். இதே பின் சீட்டில் உட்கார்ந்து, ஒரு நர்ஸைக் காதலிக்கிறேன் என்று அவள் சொன்னபோதும் இதே பிரேக்தான் விழுந்தது. அம்மா மாதக்கணக்கில் பேசவில்லை. பிறகு அழுதார். பிறகு நாலு பேரிடம் விசாரித்தார், படித்தார், ஒரு வழியாக மனசு மாறினார். பெரிய டீச்சர் மாறினால் அரைகுறையாக மாறுகிற ஆசாமி இல்லை. எல் போர்டுக்குப் பக்கத்தில் வானவில் ஸ்டிக்கரைத் தானே ஒட்டினார். அதைப் பார்த்துச் சிரித்த ஒரு மாணவரை மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டு வந்துவிட்டார். பிற்பாடு மகளும் நர்ஸும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தபோது, மகளைவிட அதிகமாக அழுதது அவர்தான்.

"வெள்ளிக்கிழமை பதிவு. சாட்சிக் கையெழுத்து நீ போடணும்மா."

"பொய்க்கு நான் சாட்சி போடமாட்டேன். சார், வண்டியை எடுங்க."

சாட்சிக் கையெழுத்துக்கு ஆளா கிடைக்காது? மேனேஜரே போட்டுவிடுவார். ஆனால் சின்ன டீச்சருக்கு வேண்டியது மை இல்லை. தன்னை முழுசாகத் தெரிந்துகொண்டு அம்மா போடுகிற கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு மனசே வராது. போகட்டும், பேசிப் பேசிப் புரியவைத்துவிடலாம் என்று நினைத்தாள். நினைப்புதான்.

அம்மா அன்று மாலையே அத்தைக்குப் போன் போட்டார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஸ்டிக்கர் ஒட்டிய நாளிலிருந்து அந்த வண்டியில் கால் வைக்காதவர். "எம்பொண்ணு மனசைக் கெடுத்தது நீதானே?" என்று அம்மா பிடித்த பிடியில், விஷயமே தெரியாமல் இருந்த அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் கைநிறையப் பூங்கொத்தோடு ஸ்கூல் முற்றத்தில் வந்து நின்றார்.

"குணமாயிடுச்சாமேடி கண்ணு."

"எனக்கு என்ன ஜுரமா அத்தை, குணமாக? நான் எப்பவும் போலத்தான் இருக்கேன். இப்பவும் பொண்ணுங்களைப் பிடிக்கும்."

அத்தை பூங்கொத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்போ அந்தப் பையனை எதுக்கு ஏமாத்தற?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அம்மா.

கல்யாணமாகி வந்த நாள் முதல் சேர்ந்து ஒரு வார்த்தை பேசியறியாத நாத்தனாரும் அண்ணியும் அன்று ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். இவளுக்கு ஆதியிலிருந்து பிடித்தது பெண்களைத்தான் என்றார் அம்மா. ஆதியிலிருந்து ஆண்களைத்தான் என்றார் அத்தை. ஆனால் இரண்டும் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதில் இருவருக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"வலது இண்டிகேட்டர் போட்டா வலது பக்கம் திரும்பணும்" என்று அம்மா பாடம் எடுத்தார். "இடது போட்டா இடது. ரெண்டும் ஒண்ணா எரிஞ்சா வண்டி பழுதுன்னு அர்த்தம்."

"வண்டி நல்லாத்தாம்மா ஓடுது. உனக்குத்தான் பாக்கத் தெரியல" என்றாள் சின்ன டீச்சர். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது.

சரி, சம்பந்தப்பட்ட ஆளே வந்து சொன்னால் நம்புவார் என்று நர்ஸை அழைத்தாள். நர்ஸ் ட்யூட்டி முடிந்த கையோடு வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, இளைத்துப் போய்விட்டாய் என்று கண்ணைத் துடைத்தார்.

"அம்மா, இவ சொல்றது நிஜம்" என்றாள் நர்ஸ். "பழக ஆரம்பிச்சப்பவே என்கிட்ட சொல்லிட்டா. முதல்ல நானும் நம்பல. என்னை விட்டுட்டு ஒருநாள் ஒரு ஆம்பளையோட போயிடுவான்னு ரொம்ப நாள் சந்தேகப்பட்டேன். அவ போகல. நாங்க பிரிஞ்சதுக்கு வேற காரணம். நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூங்குவேன், அவ பல் விளக்கிக்கிட்டே பாடுவா."

அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார். "அவளுக்காக இவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கறியே. உன் மனசு யாருக்கு வரும்?"

நர்ஸ் திகைத்துப்போய்ச் சின்ன டீச்சரைப் பார்த்தாள். "என்னால ஆனது இவ்வளவுதான்" என்றாள்.

மீதி இருந்தது கண்ணாடிக்காரர். அவரையும் வரவழைத்தாள். அம்மா எடுத்த எடுப்பில் ஸ்டியரிங் பக்கம் கையைக் காட்டினார். மனுஷனை எடைபோட அவருக்குத் தெரிந்த ஒரே தராசு அதுதான். கண்ணாடிக்காரர் வண்டியை எடுத்தார். சந்தை நெரிசலுக்குள் புகுந்து, மேம்பாலம் ஏறி, ஒரு பள்ளிக்கூட வாசலில் குழந்தைகள் கடக்க நின்று, முற்றத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தார். அம்மாவின் கால் அவ்வளவு நேரமும் பிரேக் மேலேயே இருந்தது. ஒரு தடவைகூட மிதிக்க வழியில்லை.

"தம்பி, இவளுக்குப் பொண்ணுங்களைப் பிடிக்கும்னு தெரியுமா?"

"தெரியும் டீச்சர். முதல் நாளே சொன்னாங்க. அவங்க யாரா இருக்காங்களோ அவங்களைத்தான் எனக்குப் பிடிச்சுது. அதுல பாதியை வெட்டிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை?"

பின் சீட்டில் இருந்த சின்ன டீச்சர் உருகிப்போனாள். இந்த மனுஷனைத்தான், இந்த மனுஷனையேதான் என்று நினைத்துக்கொண்டாள். முன் சீட்டில் அம்மாவும் உருகிப்போனார், ஆனால் காரணம் வேறு.

"இவ்வளவு நல்ல பிள்ளை போயும் போயும் இந்த நாடகத்துல மாட்டிக்கிச்சே" என்றார்.

ஆக, முதல் நாள் அம்மாவுக்குக் காப்பாற்ற வேண்டியவள் மகள் ஒருத்திதான். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் நர்ஸும் கண்ணாடிக்காரரும் சேர்ந்து மூன்று பேராகிவிட்டார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். அத்தையும் விடாமல் வந்திருந்தார். ஸ்கூலின் பழைய வண்டி ஒன்றை ஜாக்கியில் ஏற்றி வைத்துவிட்டு அப்பா அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புகள் மட்டும்.

"இத பாரும்மா" என்றாள் சின்ன டீச்சர். கெஞ்சவில்லை, கெஞ்சுகிற கட்டம் தாண்டிவிட்டது. "நர்ஸைக் காதலிச்சேன், அது பொய்யில்ல. இவரைக் கட்டிக்கறேன், இதுவும் பொய்யில்ல. நாளைக்கு இவர் பக்கத்துல நிக்கறதால நான் மாறிட்டேன்னு ஆகாது. நான் இருபாலீர்ப்பு உள்ளவ. இந்த உலகமே அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லட்டும், எனக்குக் கவலை இல்ல. நீ சொல்றதுதான் வலிக்குது."

அம்மாவின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு அத்தையைப் பார்த்தார், அத்தை தலையை ஆட்டியதும் மறுபடி இறுகியது.

"நான் உன்னை வெறுத்தா சொல்றேன்? பயத்துல சொல்றேன். இப்படி ரெண்டு மனசு இருக்கறவ ஒரு கல்யாணத்துல நிலைச்சு நிப்பாளா? நாளைக்கு இந்தப் பிள்ளை நடுத்தெருவுல நிக்கும். இத்தனை ஆயிரம் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கேன். எத்தனை விதமான ஆளைப் பாத்திருக்கேன். நீ சொல்ற மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

"பாத்தா நம்புவியா?"

"ஒரே ஒருத்தரைக் காட்டு. ஆம்பளை பொம்பளை ரெண்டு பேரையும் பிடிக்கும்னு சொல்லிட்டு, ஒருத்தரைக் கட்டிக்கிட்டு, கடைசி வரைக்கும் ஒழுங்கா குடும்பம் நடத்தின ஒரே ஒரு ஆள். காட்டிட்டா நாளைக்கு முதல் கையெழுத்து என்னோடதுதான்."

சின்ன டீச்சருக்குச் சட்டென்று ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை வெற்றிப் புன்னகையோடு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அப்பா முதுகால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். எழுந்து உட்கார்ந்து, கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி மனைவியைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு முந்தின வாரமே எனக்கும் அப்படித்தான்னு உன்கிட்ட சொன்னேனே, நீதான் கல்யாண பயத்துல உளர்றேன்னு சொல்லிட்ட."