சர்வருக்கு நேரம் சரியில்லை

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது, புலி இருந்தது, மான்கள் இருந்தன. இது எந்தக் காட்டிலும் உள்ளதுதான். இந்தக் காட்டில் கூடுதலாக ஒரு சர்வரும் இருந்தது.

அது வந்த கதை சிறியது. காட்டில் இருப்பது ஒரே குளம். புல் தின்கிறவர்களும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வேண்டும்; புல் தின்கிறவர்களைத் தின்கிறவர்களும் அங்கேதான் குடிக்க வேண்டும். தினம் ஒரு தகராறு. ஒவ்வொரு தகராறிலும் ஒரே தரப்பில்தான் ஆள் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் சிங்க மகாராஜா ஒரு சட்டம் போட்டார். பகல் முழுக்கக் குளம் புல் தின்கிறவர்களுக்கு. அந்த நேரத்தில் நகமுள்ள எவரும் கரைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. ராத்திரி முழுக்க மாமிசம் தின்கிறவர்களுக்கு. அந்த நேரத்தில் மானோ முயலோ கரையில் நின்றால், நடப்பதற்கு அரசு பொறுப்பல்ல. எது பகல், எது ராத்திரி என்று ஆளாளுக்கு வாதம் பண்ணக் கூடாது என்பதற்காக ஒரு சர்வரை, அதாவது பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை, வாங்கிக் குகைக்குள் வைத்தார்கள். கோயில் கொடை விழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வெளியே ஆலமரத்தில் கட்டினார்கள். சர்வர் சொல்வதுதான் நேரம் என்று ஆயிற்று.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரு முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது. பெயர் மிருதுளா. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர். ஆனால் அதற்கப்புறம் அவர்கள்கூட அவளைத் தூக்கிக் கொஞ்சியதில்லை. அதனாலோ என்னவோ, அவளுக்கு இயந்திரங்கள்மேல் பிரியம் அதிகம். அவை முள்ளைப் பார்த்துப் பின்வாங்குவதில்லை. உயிருள்ளவர்களில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி செண்பகம் என்ற மிளா மான். செண்பகம் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வழியில் குகை வாசலில் நின்று, இரண்டு முழம் தள்ளியே, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள்.

ஒருநாள் காலை. சூரியன் மரங்களுக்கு மேல் ஏறி, குளம் பளபளவென்று கிடக்கிறது. செண்பகம் முழங்கால் தண்ணீரில் நின்று குடித்துக்கொண்டிருக்கிறாள். அப்போது புதர் விலகிப் புலி உக்கிரபாண்டி வந்தான்.

"என்ன பாண்டியண்ணே, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு" என்றாள் செண்பகம்.

உக்கிரபாண்டி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆலமரத்தைக் காட்டினான். சரியாக அந்த நேரத்தில் ஸ்பீக்கர் பேசியது. "இது இரவு நேரம். மாமிசம் உண்போர் மட்டும் நீர் அருந்தவும்."

"கேட்டியா? எனக்கும் வெயில் கண்ணைக் குத்துது. ஆனா சட்டப்படி இன்னும் ராத்திரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் பாய்ந்தான்.

செண்பகம் பிழைத்தாள். அவள் வாலில் பாதி பிழைக்கவில்லை.

ரத்தம் சொட்ட அவள் குகை வாசலில் வந்து நின்றபோது மிருதுளாவுக்கு முள்ளெல்லாம் எழுந்துகொண்டது. உள்ளே ஓடிப் பார்த்தாள். வெளியே பளீரென்று வெயில், திரையில் ராத்திரி. அவள் நேரத்தைத் திருத்தி வைத்தாள். மறுநாள் மறுபடியும் பின்தங்கியிருந்தது. உள்ளே வட்டமாக, காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் கடிகாரம் தடுமாறும் என்று அவளுக்குத் தெரியும். புதுப் பேட்டரி போட்டாள். அதற்கடுத்த நாளும் பின்தங்கியது. வேறு தேசத்து நேரம் ஏதாவது வைத்துவிட்டார்களா என்று பார்த்தாள். இல்லை, சொந்தக் காட்டு நேரம்தான் வைத்திருந்தார்கள்.

குளத்துக்கு அதிகாரி ஏகாம்பரம் என்ற யானை. மிருதுளா அவரிடம் போனாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியாம்மா?" என்றார் ஏகாம்பரம். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான். ஆனால் அதை அவர் கேட்கிற தோரணையில் எதிராளிக்கு உலகமே மறந்துபோகும்.

"பண்ணிட்டேன் ஐயா. எப்படி வெச்சாலும் திரும்பத் திரும்பப் பின்னாடி போகுது. சர்வருக்கு நேரம் சரியில்லை ஐயா."

ஏகாம்பரம் கண்ணை மூடித் தும்பிக்கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "அப்பவே நினைச்சேன். அதை இறக்கி வெச்ச அன்னைக்கே எனக்கு மனசு சரியில்லை. அன்னைக்கு அஷ்டமி."

"நான் அதைச் சொல்லலை ஐயா."

"நீ சொல்ல வேண்டாம்மா. எனக்குப் புரியுது. ஜோசியரைக் கூப்பிடு."

அந்தக் காட்டில் கிளி ஜோசியம் பார்ப்பவர் ஒரு கிளிதான். சொக்கலிங்க ஜோசியர் என்று பெயர். அவரே கூண்டோடு வந்தார். கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, தன்னைத் தானே பெயர் சொல்லி அழைத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, சீட்டுக் கட்டில் ஒன்றை மூக்கால் உருவி, தானே வாசித்து, தானே ஆச்சரியப்பட்டார்.

"சர்வருக்கு ஏழரைச் சனி. போதாக்குறைக்குத் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கு. கிழக்கே திருப்பி, எலுமிச்சம்பழ மாலை ஒண்ணு போடுங்க."

ஏகாம்பரமே தும்பிக்கையால் சர்வரைத் திருப்பினார். யானை திருப்புகிற திருப்பில் பின்னால் இருந்த கேபிள் ஒன்று சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. மிருதுளாவும் பார்க்கவில்லை, அவள் எலுமிச்சம்பழச் சாறு உள்ளே வடிந்துவிடக் கூடாதே என்று மாலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல நேரத்தைத் திருத்தி வைத்தாள்.

மறுநாள் காலை விடிந்தது. சர்வரும் விடிந்தது என்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. காடே ஜோசியரைக் கொண்டாடியது. செண்பகம்கூட, மீதி வாலை ஆட்டிக்கொண்டு, "எப்படியோ சரியாச்சுல்லக்கா" என்றாள். மிருதுளாவுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. எதனால் கெட்டது என்று தெரியாமல் சரியானது, எதனால் என்று தெரியாமலேயே மறுபடி கெடும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

சில நாள் கழித்து ஏகாம்பரம் வந்தார். மேல்மலையிலிருந்து மழைச் செய்தி ஒன்றும் வரக்காணோமே, என்ன என்று பார் என்றார். மிருதுளா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கேபிள் கழன்று கிடந்தது. மாட்டினாள். மழைச் செய்தி வந்தது. மறுநாள் காலை, பட்டப்பகலில், ஸ்பீக்கர் இரவு வணக்கம் சொன்னது. அன்றைக்கு உக்கிரபாண்டியிடமிருந்து கேளையாடு என்கிற சின்ன மான் ஒன்று காதில் பாதியை விட்டுவிட்டுத் தப்பித்தது.

"ஜோசியர் கட்டின கட்டை இந்த முள்ளுக்கை போய் அவுத்துடுச்சு" என்று காடு முழுக்கப் பேச்சு. ஏகாம்பரம் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் குளித்துவிட்டுத்தான் சர்வரைத் தொட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மிருதுளாவுக்கு அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும், மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கேபிள் இல்லாதபோது சரி, கேபிள் மாட்டினால் தப்பு. அப்படியானால் தப்பு இங்கே பிறக்கவில்லை. கேபிள் வழியாக வருகிறது. அவள் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேபிள் மூங்கில் காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மேல்மலை உச்சிக்குப் போயிற்று. அங்கே ஒரு மரப்பொந்தின் வாசலில் 'தலைமை நேர நிலையம்' என்று பலகை தொங்கியது.

உள்ளே ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் கண்ணாயிரம். முகத்தில் பாதிக்குமேல் கண். பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம்.

"அண்ணே, எங்க காட்டு சர்வர் உங்ககிட்டதான் தினம் நேரம் கேட்டு வாங்கிக்குதா?"

கண்ணாயிரம் கழுத்தைத் திருப்பினார். அது திரும்பி முடிக்கிற வரைக்கும் மிருதுளா காத்திருந்தாள். "ஆமா தங்கச்சி. ராத்திரி பிறந்ததும் கேக்கும். நான் குடுத்துடுவேன்."

"உங்க கடிகாரத்தை நீங்க எதைப் பார்த்து வைக்கிறீங்க?"

"கீழே உங்க ஸ்பீக்கர் சத்தம் இங்க நல்லாக் கேக்கும். இரவு நேரம்னு அது சொன்ன உடனே எழுந்திரிச்சுப் போய் முள்ளை ராத்திரி ஆரம்பத்துக்குத் திருப்பி வைப்பேன்."

"உடனேயா?"

"உடனேதான்" என்று சொன்ன கண்ணாயிரம், எப்படி என்று காட்டுவதற்காகக் கடிகாரத்தை நோக்கிக் கையை நீட்டினார். மிருதுளா பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வெயில் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு நகர்ந்தது. கை இன்னும் பாதி வழியில் இருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர் சர்வரைக் கேட்டு, ஆற அமரக் கடிகாரத்தை வைக்கிறார். சர்வர் இவரைக் கேட்டு அந்த நேரத்தை வாங்கிக்கொள்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டும் சேர்ந்தே பின்னால் போகின்றன.

"அண்ணே, நீங்க எங்களைப் பார்த்து வைக்கிறீங்க, நாங்க உங்களைப் பார்த்து வைக்கிறோம். இது தப்பில்லையா?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்தைத்தானே சொல்றோம். அப்புறம் எங்கிருந்து தப்பு வரும்?"

"ஒரு தடவை வெளியே வந்து சூரியனைப் பார்த்து வெச்சீங்கன்னா..."

கண்ணாயிரம் மெதுவாகச் சிரித்தார். "நான் தேவாங்கும்மா. சூரியனைப் பார்த்தா எனக்குக் கண்ணு போயிடும். அது தெரிஞ்சுதான் என்னை இந்த வேலைக்குப் போட்டாங்க. சீனியாரிட்டி."

மிருதுளா மலையிலிருந்து இறங்கி நேரே அரசவைக்குப் போனாள். சிங்க மகாராஜா, பக்கத்தில் ஏகாம்பரம், அவர் தோளில் ஜோசியர். அவள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மகாராஜா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்ட விதத்தைப் பார்த்து மிருதுளாவுக்கு நம்பிக்கை வந்தது. செண்பகம் இனிமேல் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பாள் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"ஆக, சர்வர் ஒரு நேரம் சொல்கிறது. தலைமை நேர நிலையமும் அதே நேரத்தைச் சொல்கிறது" என்றார் மகாராஜா.

"ஆமாம் மகாராஜா."

"சூரியன் மட்டும் வேறு நேரம் சொல்கிறது."

"ஆமாம் மகாராஜா."

"இரண்டு அரசு அலுவலகங்கள் ஒரு பக்கம். தனி ஆள் ஒரு பக்கம். இதில் யார் தப்பு என்பதற்கு நீ மலை ஏறியிருக்க வேண்டியதில்லை" என்றார் மகாராஜா. சபை தலையாட்டியது. சட்டப்படி ராத்திரியாக இருக்கும்போது முன் அனுமதியின்றி உதித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டுச் சூரியனுக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவாயிற்று. நோட்டீஸை நேரில் கொடுக்கப் போன கழுகு இறக்கை பொசுங்கித் திரும்பி வந்ததும், எதிராளி ஒத்துழைக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள். இனிமேல் கேபிளைக் கழற்றுகிறவரும் நேரத்தைத் திருத்துகிறவரும் யாராயிருந்தாலும் உக்கிரபாண்டியிடம் ஒப்படைக்கப்படுவார்கள் என்று அறிவிப்பு வந்தது.

மிருதுளா குகைக்குத் திரும்பும்போது செண்பகம் வாசலில் காத்திருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க? நாளையிலிருந்து காலையில வரலாமா?"

கண்டுபிடித்ததையெல்லாம் சொல்லத்தான் மிருதுளா வந்திருந்தாள். செண்பகத்தின் அரை வாலைப் பார்த்தாள். புண் இப்போதுதான் ஆறியிருந்தது.

"காலையில வராதே. ஸ்பீக்கர் எப்போ பகல்னு சொல்லுதோ அப்போ வா. இருட்டா இருந்தாலும் வா."

"அப்போ நீ மலையில போய்ப் பார்த்தது?"

"பார்த்தது பார்த்ததுதான். நீ முதல்ல உயிரோட இரு. மத்ததை அப்புறம் சொல்றேன்."

காடு பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? சர்வர் பின்னால் போகப் போக, காடும் கூடவே பின்னால் போயிற்று. மான்கள் இருட்டில் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு குளத்துக்கு வந்து, பகல் வணக்கம் சொல்லிக் குடித்தன. செண்பகத்தின் பின்னால் வருகிறவளுக்கு மட்டும் கவ்வச் சிரமமாக இருந்தது. உச்சிவெயிலில் உக்கிரபாண்டி டார்ச் லைட் அடித்துக்கொண்டு வந்தான். ராத்திரியில் விளக்கில்லாமல் நடமாடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. நடுப்பகலில் தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு ஜோசியர் தாயத்துக் கட்டினார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே தப்பில் இருந்ததால் யாருக்கும் யாரும் குறுக்கே வரவில்லை. வாலோ காதோ அதற்கப்புறம் குறையவே இல்லை. மிருதுளா இதை யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவளுக்குக் கோபப்படுவதா நிம்மதிப்படுவதா என்று தெரியவில்லை.

பின்னால் போய்க்கொண்டே இருக்கிற கடிகாரம் ஒருநாள் முழுச் சுற்றையும் சுற்றி வந்துதானே ஆக வேண்டும். அப்படி ஒரு விடியலில் கிழக்கே வெளுத்தது. ஸ்பீக்கர், "இது பகல் நேரம்" என்றது. பறவைகள் கத்துவதற்கு வாயைத் திறந்து, சந்தேகத்தில் மூடிக்கொண்டன. உக்கிரபாண்டி டார்ச்சை அணைத்தான். காடே வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றது.

மகாராஜா பாறைமேல் ஏறினார். "சூரியன் திருந்திவிட்டது" என்று அறிவித்தார்.

தாரை தப்பட்டை முழங்கியது. கண்ணாயிரத்துக்குப் பதவி உயர்வு வந்தது. உத்தரவை வாங்க அவர் கையை நீட்டத் தொடங்கினார். நவக்கிரகங்களில் ஒன்றையே வழிக்குக் கொண்டுவந்தவர் என்று ஜோசியருக்குப் பட்டம் கொடுத்தார்கள். குற்றவாளியான சூரியனுக்கு வக்காலத்து வாங்கிப் பேசியதற்காக மிருதுளாவுக்குக் கண்டிப்பு. ஆனாலும் இது நல்ல நாள் என்பதால் மன்னிப்பு.

கூட்டம் கலைகிறபோது ஏகாம்பரம் அவள் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார். "இப்போ எல்லாம் சரிதானேம்மா? ஏதாவது பண்ணணுமா?"

மிருதுளா குளத்தைப் பார்த்தாள். செண்பகம் வெயிலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து வெகுநாளாகிவிட்டதால், குடிப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டாள். நாளைக்குச் சர்வர் மறுபடி கொஞ்சம் பின்னால் போகும். மிருதுளாவுக்கு அது தெரியும்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் ஐயா. வேணும்னா ஒரு ரீஸ்டார்ட் பண்ணிடறேன்" என்றாள்.

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக, இந்தப் பெண் தொழில் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

நீதி: சூரியனோடு ஒத்துப்போகிறவர் தனியாக நிற்பார், பக்கத்து அலுவலகத்தோடு ஒத்துப்போகிறவர் தண்ணீர் குடிப்பார்.